விபத்து நடக்காத கம்பம்

"கம்பத்தோட அடி துருப்பிடிச்சு ஆடுதும்மா. மழை பெஞ்சா தொட்டாலே ஷாக் அடிக்குது. பிள்ளைங்க அதை ஒட்டித்தான் ஸ்கூலுக்குப் போகுதுங்க" என்றார் காளிதாஸ். மண்டி மொஹல்லா பேட்டையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். 1996-ஆம் வருஷம் தொடங்கியதிலிருந்து மின்வாரிய அலுவலகத்துக்கு இது அவருடைய நாலாவது நடை.

கிளார்க் கோகிலா மனுவை எடுத்துக்கொண்டு நேரே எஞ்சினியர் ரவிக்குமாரிடம் போனாள்.

"சார், இந்த வருஷ லிஸ்டில் இதைச் சேர்த்துடுங்க."

"இருபது கம்பம் மாத்தத்தான் அனுமதி. பழுதான கம்பத்தால விபத்து நடந்த இடத்துக்குத்தான் கமிட்டி முதல்ல ஒதுக்கும். இங்கே அப்படி எதுவும் பதிவாகலையே."

"போன வருஷம் இதுல ஏறின லைன்மேன் செத்தாரே, சார்."

"குடிச்சிட்டு ஏறினார்னுதான் பதிவாகியிருக்கு."

"அவர் குடிக்கவே மாட்டார், சார்."

ரவிக்குமார் பீரோவிலிருந்து பழைய ஃபைலை எடுத்து அவள் முன் பிரித்து வைத்தார்.

"குடிப்பார்னு அவர் சம்சாரமே எழுதிக் கொடுத்திருக்காங்களே. அதுக்கப்புறம்தானே அவங்களுக்கு இங்கே வேலை கிடைச்சுது?"

கோகிலா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாத்தி எழுதித் தாங்கம்மா. கம்பம் வந்துடும். ஆனா உங்க வேலை போயிடும்."

அவள் தன் இடத்துக்குத் திரும்பி, மனுவின் ஓரத்தில் 'இதுவரை விபத்து ஏதுமில்லை' என்று எழுதினாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்ணா" என்றாள் காளிதாஸிடம். "அதுவரைக்கும் பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க."