கோமதியின் பங்கு

அம்மா போய் ஒரு வருஷமாகி, வருஷாப்தீகம் முடிந்த கையோடு, வலியசாலை வீட்டில் தனக்கிருந்த பாதியைக் கோமதி அண்ணாவுக்கு எழுதிக்கொடுத்தாள். கேட்டது அண்ணா, அவனை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் விடுதலைப் பத்திரத்தை வாசித்தார்கள். வீடு, கிணறு, கொல்லை மாமரம், எதிலும் இனி அவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்றிருந்தது. தலையாட்டிவிட்டு இடது கட்டைவிரலை மையில் உருட்டினாள்.

"பத்திரம்னா வெறும் கடலாசுதானே," என்றான் அண்ணா, திரும்பிவரும்போது ஆட்டோவில். "ஒன் ஆத்துக்கு வர நீ யாரைக் கேக்கணும்?"

ரயிலுக்கு நேரமிருந்தது. விரலைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். இடவப்பாதி மழையில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது. வாளி முங்கியது. கனத்தோடுதான் இழுத்தாள். மேலே வந்த வாளிக்குள் பொட்டு ஈரமில்லை. மறுபடி இறக்கினாள். அப்படியேதான் வந்தது.

"வாளி ஓட்டையா மன்னி?"

"இல்லையே, காலம்பறகூட எறைச்சேனே." அண்ணாவின் மனைவி வந்து கயிற்றை வாங்கினாள். வாளி ததும்பத் ததும்ப வந்தது. "கையை நீட்டு, நான் விடறேன்."

கோமதி இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். வாளி காலியாகும்வரை மன்னி ஊற்றினாள். துவைகல் நனைந்தது. மன்னியின் புடவை நனைந்தது. தண்ணீர் மாமரத்தடிவரை ஓடியது. கோமதியின் கைகள் காய்ந்தே இருந்தன.

"மை போச்சா?" என்றாள் மன்னி, குனிந்து புடவையைப் பிழிந்துகொண்டே.

"போயிடுத்து மன்னி," என்று சொல்லி, கோமதி கைகளைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.