கடைசி பெஞ்சில் மீரிம்

"இன்னிக்கும் வந்துட்டா!"

ஆசிரியர் அறையில் கைப்பையைத் தொப்பென்று போட்டாள் உல்கான். நாரின் என்ற மலை நகரத்துப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர்.

"யாரு, மீரிமா?" என்று தேநீர்க் கிண்ணத்தை நீட்டினார் உடற்பயிற்சி ஆசிரியர் தாலாய்.

"வேற யாரு? நம்ம புது உதவித் தலைமையாசிரியைதான். கடைசி பெஞ்சுல அஞ்சு நிமிஷம் உட்கார்றா. தாள்ல கோடு கோடாப் போடறா. ஒரு வார்த்தை பேசாம எழுந்து போறா. எட்டு நாளா இதே கூத்து!"

"எல்லா வகுப்புக்கும்தான் வர்றாங்க அக்கா. டீச்சர் யாரைக் கேள்வி கேக்கறாங்க, எந்தப் பிள்ளை பதில் சொல்லுதுன்னு எண்ணறாங்களாம்."

"உன் வகுப்புக்கு எத்தனை தடவை வந்தா?"

"ஒரே தடவை."

"பார்த்தியா!"

தாலாய் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க. உங்க வகுப்பு அய்தானாவோட அம்மா உங்க மேல மனு கொடுத்திருக்காங்க. ஜன்னல் பக்கத்துப் பிள்ளைங்க கையைத் தூக்கித் தூக்கி ஓய்ஞ்சு போறாங்களாம். நீங்க திரும்பியே பார்க்கறதில்லையாம். ஆடு மேய்க்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்கன்னு இளக்காரமாம்."

"என் அப்பாவே ஆடு மேய்ச்சுத்தான்யா என்னைப் படிக்க வெச்சார்!"

தேநீரைத் தொடாமலே எழுந்து போனாள்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தவள் திகைத்து நின்றாள். ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகள் சுவர்ப் பக்கத்தில். சுவர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஜன்னலோரத்தில்.

"யாரு மாத்தினது?"

"மீரிம் டீச்சர்."

பிள்ளைகள் முன்னால் கோபத்தை அடக்கிக்கொண்டு பாடத்தைத் தொடங்கினாள். அடுத்த மூன்று நாளும் மீரிம் வந்தாள். கோடு போட்டாள். போனாள்.

மூன்றாம் நாள் மாலை உல்கான் நேரே அவள் அறைக்குப் போனாள்.

"என்னை வீட்டுக்கு அனுப்பணும்னா முகத்துக்கு நேரா சொல்லிடு. இப்படி வேவு பார்க்க வேண்டாம்."

"உட்காருங்க அக்கா." மீரிம் ஒரு தாளை முன்னால் வைத்தாள். "முதல் எட்டு நாள். சுவர்ப் பக்கம் நீங்க கேட்டது அறுபத்தோரு கேள்வி. ஜன்னல் பக்கம் மூணு."

உல்கான் இரண்டு முறை பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணா? அப்போ அந்தம்மா சொன்னது நிஜமா? நான் அப்படிப்பட்டவளா?"

"நானும் அதைத்தான் தெரிஞ்சுக்க நினைச்சேன். அதான் பிள்ளைங்களை மாத்தி உட்கார வெச்சேன்." மீரிம் அடுத்த தாளை வைத்தாள். "இது மாத்தின பிறகு மூணு நாள். சுவர்ப் பக்கம் இருபத்திரண்டு கேள்வி. எல்லாம் மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைங்களைக் கேட்டது. அய்தானா மட்டும் அஞ்சு தடவை பதில் சொல்லியிருக்கா. ஜன்னல் பக்கம் ஒண்ணே ஒண்ணு."

"எனக்குப் புரியல."

"உங்க மனசுல ஓரவஞ்சனை இருந்தா, அது பிள்ளைங்களோடயே இடம் மாறியிருக்கும். மாறலையே! ஜன்னல் இருக்கிற வலப்பக்கம் உங்களுக்குச் சரியாத் தெரியலை அக்கா. தலைநகர் பிஷ்கெக்ல கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். நாளைக்குக் காலையில கிளம்பறோம். கூட நான் வர்றேன்."

டாக்டர் வெகுநேரம் சோதித்தார். வலது கண்ணில் பார்வை முக்கால்வாசி போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோயாம். வலி இருக்காதாம். ஒரு கண்ணின் குறையை இன்னொன்று மூடி மறைத்துவிடுமாம்.

"இடது கண்ணுல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. மருந்து போட்டா காப்பாத்திடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா ரெண்டுமே போயிருக்கும்" என்றார்.

உல்கான் மீரிமின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய மறுநாள், பள்ளி வாசலில் அய்தானாவின் அம்மா நின்றிருந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உல்கானைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீச்சர்... கண்ணு தெரியாத உங்க மேல போய் நான்... அந்த மனுவை வாங்கிக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிச்சுடாதே தங்கச்சி" என்று அவளை அணைத்துக்கொண்டாள் உல்கான். "நீ மட்டும் அதை எழுதலைன்னா, ஒரே நாளோட மீரிம் என் வகுப்பைத் தாண்டிப் போயிருப்பா."