நாற்பத்திரண்டாம் பாத்தி

நியூஜெர்சியின் புல் ஆராய்ச்சிப் பண்ணையில் எட்டு ஆண்டுகளாக நோயே பிடிக்காத பாத்தி, நாற்பத்திரண்டு. மூடிப்போன கோல்ஃப் மைதானம் ஒன்றிலிருந்து ஆராய்ச்சியாளர் ஜோலின் பெயர்த்து வந்த புல் அது. வெள்ளிக்கிழமைக்குள் அதைப் புது ரகமாகப் பரிந்துரைக்க வேண்டும்.

செவ்வாய் விடிகாலையில் பாத்திகளெல்லாம் பனித்துளிகளில் வெளுத்துக் கிடந்தன. நாற்பத்திரண்டில் மட்டும் பனி இல்லை. புல்நுனிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. சுற்றிலும் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

“கோல்ஃப் மைதானத்துல மூங்கில் கழியால பனியைத் தட்டிவிடுவாங்களே, அதே மாதிரி இருக்கு,” என்றார் புல் வெட்டும் வின்னி. “பனி ஈரத்துலதான் நோய் பிடிக்கும். அது தங்கலைன்னா எந்தப் புல்லும் பொழச்சுக்கும், டாக்டரம்மா. உங்க புல்லுக்கு எதிர்ப்புச் சக்தி இல்ல. வேலைக்காரன் இருக்கான்.”

“நீங்க தட்டலையே?”

“நானா? காபி குடிக்காம நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன்.”

அன்று மாலை எல்லோரும் போன பிறகு தட்டுவது பாத்தியையா, புல்லையா என்று பார்க்க ஜோலின் அந்தப் புல்லைப் பெயர்த்து ஏழாம் பாத்தியில் வைத்தாள். ஏழாம் பாத்தியில் வருடந்தோறும் நோயில் வாடும் புல்லை நாற்பத்திரண்டுக்கு மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதலில் ஏழாம் பாத்தியைப் பார்த்தாள். பனி சுத்தமாகத் தட்டப்பட்டிருந்தது. பரிந்துரைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டுக்கு நடந்தாள்.

அங்கே ஓர் ஓரத்தில் மட்டும் இரண்டு வீச்சில் பனி தட்டப்பட்டிருந்தது. மூன்றாவது வீச்சு, இது தன் புல் இல்லை என்று தெரிந்தது போல, பாதியில் நின்றிருந்தது.