இன்னும் எழும்பேல்லை

பிழை அகப்பட்டுவிட்டது.

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு வரி. அதில் ஒரே ஒரு எண் தவறு. ஞாயிறு ஞாயிறாகத் தேடியபோதெல்லாம் ஒளிந்துகொண்டது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்கும் நேரத்தில் தானாக வந்து நிற்கிறது.

திருத்தினாள். சேமித்தாள்.

அனுப்பவில்லை.

அனுப்பினால் பருத்தித்துறையில் சிவரூபனின் லேப்டாப் சரியாகிவிடும். சரியாகிவிட்டால், அவர் எதற்காக இவளுக்கு எழுதப் போகிறார்?

பொத்தானை அழுத்தியதும் கணினிக்குள் முதலில் கண்விழிப்பது ஒரு சின்ன நிரல். மற்றதையெல்லாம் அதுதான் தட்டி எழுப்பும். கம்பெனிக்காரர்கள் அதைப் பூட்டியே விற்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், மாற்றட்டும் என்று அதைத் திறந்தே எழுதி வைக்கிறவர்களும் உலகத்தில் கொஞ்சம் பேர் உண்டு. திருப்பூரில் இவள் ஒருத்தி.

“லீவு நாள்லயும் இதேதானா? யாருக்குக் கண்ணு இத்தனை பாடு?” என்பாள் அம்மா.

“ஊருக்குத்தாம்மா.”

ஊருக்குத்தான். அந்தப் பழைய லேப்டாப் மாடலுக்கு எழுதித் தரும்படி கேட்டவர் மட்டும் ஊரிலேயே ஒருவர். கணக்கு வாத்தியார் சிவரூபன்.

இவளிடம் அந்த மாடல் கிடையாது. எழுதுவது இவள். போட்டுப் பார்ப்பது அவர். அடிமூடியைக் கழற்றி, அந்த நிரல் இருக்கும் சிப்பின்மேல் கிளிப்பைக் கவ்வவிட்டு, பழையதை அழித்துப் புதியதை எழுதி, மறுபடி பூட்டி, பொத்தானை அழுத்துவார். பிறகு பதில் வரும்.

முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. “நீங்கள் தமிழோ?” என்று ஒரு நாள் கேட்டார். அத்தோடு ஆங்கிலம் போயிற்று.

ஆரம்பத்தில் லேப்டாப் கட்டையாகக் கிடந்தது. பிறகு ஒரு நாள் திரை வந்தது. அவர் அனுப்பிய படத்தில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். ஓரத்தில் ஒரு கட்டைவிரல்.

எழுத்துகளை அவள் அப்புறம்தான் படித்தாள்.

அடுத்தடுத்த படங்களில் பாதி டம்ளர் தேநீர் வந்தது. ஜன்னல் கம்பி வந்தது. நீலச் சட்டையின் கை வந்தது. முகம் மட்டும் வரவில்லை. கேட்க இவளுக்கும் வாய் வரவில்லை. லேப்டாப்பைப் பற்றித்தானே பேச்சு.

ஒலி சரியாயிற்று. வைஃபை சரியாயிற்று. ஒவ்வொன்றாகச் சரியாகச் சரியாக, இன்னும் என்ன மிச்சம் என்று அவள் எண்ணத் தொடங்கினாள்.

மிச்சம் இருந்தது தூக்கம். மூடினால் தூங்கிவிடும். திறந்தால் விழிக்காது.

“இன்னும் எழும்பேல்லை” என்று எழுதுவார்.

கீழே பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு வரி. மழையைப் பற்றி ஒரு வரி. கடைசியில், “சாப்பிட்டிட்டீங்களோ?”

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் ஓட்டிவிடுவாள்.

ஆனால் வகுப்புக்கு வகுப்பு அவர் தூக்கிக்கொண்டு நடப்பது அந்த லேப்டாப்பைத்தான். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அணைத்து, அடுத்த வகுப்பில் முதலிலிருந்து ஏற்றி, அது வருவதற்குள் பிள்ளைகள் கூரையைப் பிரித்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருந்தும் திருத்தியதை அனுப்பாமல் ஒரு வாரம் வைத்துக்கொண்டாள்.

“ஏதும் பிடிபட்டுதோ?” என்று கேட்டார்.

“பாத்துட்டுதானுங்க இருக்கறேன்.”

பொய்யைத் தட்டிய விரல் கூசியது. அவர் அதற்கும் நன்றி சொன்னார்.

அடுத்த ஞாயிறு அனுப்பிவிட்டாள்.

“கண்டுபிடிச்சுட்டேனுங்க. இதப் போட்டா கண்டிப்பா எந்திரிச்சுக்கும். இதோட எல்லா வேலையும் முடிஞ்சுதுங்க.”

அனுப்பிய கையோடு அடுக்களைக்குப் போய் டீக்குப் பால் வைத்தாள். அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. முகம் தெரியாத ஒரு மனுஷனுக்காக அழுகிறாள். அதுவும் அவருடைய லேப்டாப் நன்றாகிவிட்டது என்பதற்காக.

போன் அதிர்ந்தது.

“போட்டுப் பாத்தன். இன்னும் எழும்பேல்லை.”

அவ்வளவுதான். கீழே மழையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

மனம் பழக்கதோஷத்தில் நிரலுக்குள் ஓடியது. எந்த வரி? எந்த எண்? சரியாகத்தானே இருந்தது?

பாதி வழியில் நின்றது.

அவர் கழற்ற வேண்டும். கிளிப்பைக் கவ்வவிட வேண்டும். எழுத வேண்டும். பூட்ட வேண்டும். மூடி, தூங்கவிட்டு, திறந்து பார்க்க வேண்டும். என்ன அவசரமாகச் செய்தாலும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும்.

பால் இன்னும் பொங்கவில்லை.

அடுப்பை அணைத்தாள். போனைப் பிடித்தபடி நின்றாள். உடம்பெல்லாம் ஒரு சிரிப்பு ஏறியது. அதை உதட்டுக்கு விடாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

“அப்படிங்களா. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணீட்டனாட்ட இருக்குது. மறுபடி முதல்ல இருந்து பாக்கோணும். நாளாகும். பரவால்லைங்களா?”

பதில் உடனே வந்தது.

“எனக்கு ஒரு அவசரமும் இல்லை.”