எடுத்து வைத்த கறி

“நான், எம் பொண்டாட்டி முனியம்மா, பையன் குரு, உங்க பொண்ணு மணிமேகலை, நீங்க. இவ்வளவு பேருதான் இருக்கோம், வெளியாளு ஒருத்தருமில்ல. ஊரெல்லாம் பேசிட்டு வந்ததை என் மூஞ்சிக்கு நேரா கேளுங்க சம்பந்தி.”

கிருஷ்ணப்பன் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். மருமகளுக்குச் சோற்றில் மருந்து வைத்த வீடு என்று மாரண்டஹள்ளியே முணுமுணுத்தது. மூன்று தலைமுறை கட்டிக்காத்த பெயர்.

நல்லம்பள்ளியிலிருந்து வந்திருந்த சின்னராஜ், கொடுத்த மோரைத் தொடவில்லை.

“கேக்கறதுக்கு என்னங்க இருக்கு? எங்கூட்ல சின்னதுலேர்ந்து கறி தின்னவ, ஒரு தடிப்பு வந்ததில்ல. இங்க வாக்கப்பட்டதுலேர்ந்து, தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுப் போவுது. ‘அத்தை எனக்குன்னு தனியா வச்சதைத் தின்னேன்’னு போன்ல அவளே சொன்னா. என்னத்த வச்சாங்க? மருந்துதான? பொண்ணைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கறியைத்தாங்க வச்சேன். ஆசையா திம்பாளேன்னு, ஞாயித்துக்கிழமை எடுக்கறதுல எலும்பில்லாத துண்டா பொறுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சு, வாரம் பூரா ஆக்கிப் போட்டேன்.”

“அதாம்ப்பா வினை,” என்றாள் மணிமேகலை. “தர்மபுரி டாக்டர்கிட்ட போனோம். கறி அறுத்து நேரம் ஆக ஆக அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணு ஏறுதாம். அது என் ஒடம்புக்கு ஆவல. ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் ஏறும், சுட வச்சாலும் போகாதாம். அறுத்ததும் வாங்கி அப்பவே ஆக்கிடணும்னாரு.”

“இன்னிக்குக் காலைல போயி, கடையில தொங்கினதெல்லாம் வேணாம்னுட்டேங்க மாமா,” என்றான் குரு. “புதுசா ஒண்ணு அறுக்கற வரைக்கும் நின்னு வாங்கியாந்தேன். கடைக்காரரு, ‘மாப்ள, ஆட்டுக்கு ஜாதகம் பாக்கறியா’ன்னாரு. வந்ததும் அம்மா அடுப்புல ஏத்திட்டாங்க. மத்தியானம் அதைத்தான் இவ வயிறார தின்னா.”

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சின்னராஜ் மகளின் கன்னத்தையும் கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடிப்பும் இல்லை. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியவராக மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

“என்ன இருந்தாலும், கறியை நாள்கணக்கா வச்சுத் தின்ற பழக்கம் எங்க பரம்பரையில கெடையாதுங்க.”

“எங்க பரம்பரையிலயும் கெடையாதுங்க, நீங்க கல்யாணச் சீர்ல அந்த ஃப்ரிட்ஜை எறக்கற வரைக்கும்,” என்றார் கிருஷ்ணப்பன். “ஊர்ல கேட்டா சொல்லுங்க சம்பந்தி. இந்த வூட்ல மருந்து யாரும் வைக்கல.”