லேலோங்கில் எடுத்த வீடு

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்த தருமலிங்கம் காஜா பெராங் பகுதியில் லேலோங்குக்கு, அதாவது ஏலத்துக்கு, வந்த ஒரு வீட்டைப் பாதி விலைக்கு எடுத்தார். இருந்த சேமிப்பு முழுவதும் அதில் போயிற்று.

குடிபோன முதல் வாரமே மனைவி அஞ்சலை வடித்த சோறு போதவில்லை. வீட்டில் அவர்களும் மகள் வசந்தாவுமாக மூன்று பேர்தான். எவ்வளவு தாராளமாக வடித்தாலும் மத்தியானம் பானையில் ஓர் ஆள் சோறு குறைந்தது. மூவரும் சாப்பிட்டு எழுந்தால் கழுவ நான்கு தட்டுகள் கிடந்தன.

"பயமா இருக்குங்க. இந்த வீடு நமக்கு வேணாம்."

"வித்துட்டு எங்கலா போறது?" என்றார் தருமலிங்கம்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டின் பழைய சொந்தக்காரர் அண்ணாமலையைத் தேடிச் சைக்கிளில் பக்கத்து ஊரான செங்குக்குப் போனார். கடனில் வீட்டை இழந்த அண்ணாமலை, மைத்துனர் வீட்டு அறையொன்றில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க வந்ததிலேருந்து எழுந்திரிக்கவே இல்ல தம்பி. ஒரு மாசமா நான் குடுக்கிற சோத்தையும் தொடல. நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டேங்கிறாரு. ஆனா உடம்பு தேறிக்கிட்டுத்தான் வருது."

அண்ணாமலையின் கன்னங்கள் பூரித்திருந்தன. அவர் தருமலிங்கத்தைப் பார்த்துக் கூச்சத்துடன் சிரித்தார்.

"உங்க வீட்டுத் தங்கச்சி சமையல் நல்லா இருக்கு. புளிதான் கொஞ்சம் தூக்கல்."

தருமலிங்கம் சைக்கிளைத் திருப்பினார். வீடு திரும்பியபோது அஞ்சலை உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு பேருக்குப் போடு," என்றார்.

அவர் முகத்தைப் பார்த்த அஞ்சலை அரிசி டின்னை மறுபடி திறந்தாள்.