காவல் முறை

அந்தக் காட்டில் மான் கூட்டத்துக்கும் ஒரு குரங்குக்கும் ஏற்பாடு இருந்தது. சிறுத்தையைக் கண்டால் குரங்கு மரத்திலிருந்து கத்தும். கீழே காவல் நிற்கும் மான் முன்காலால் தரையைத் தட்டும். தட்டியதும் கூட்டம் ஓடிவிடும்.

கஞ்சா இலை தின்ற மானைக் கூட்டம் துரத்திவிடும். தனியாகப் போன எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

முன்கால் முட்டி வீங்கிய பெண்மான் ஒன்று ஒவ்வொரு மானிடமும் போய் நின்றது. "அந்த இலை தின்னாத்தான் எனக்கு வலி அடங்குது. அதுக்குச் சாவா தண்டனை?" என்று கேட்டது. குரங்கும் அதற்காகப் பரிந்து பேசியது. மூன்று மழைக்காலம் கழித்துத் தடை நீங்கியது.

"காவல் நிக்கிறவங்க மட்டும் முறை முடிஞ்சப்புறம் தின்னுங்க" என்றது பெண்மான்.

"தடையை எடுக்கச் சொன்னதும் நீ, புதுசா போடுறதும் நீயா?" என்று கூட்டம் சிரித்தது.

ஒரு மத்தியானம், காற்றே இல்லாதபோது, புல் சாய்ந்து சாய்ந்து நெருங்கி வந்தது. குரங்கு தொண்டை கிழியக் கத்தியது.

காவல் மான் கண் செருக அண்ணாந்து பார்த்தது. "அண்ணே, இன்னிக்கு உங்க குரல் என்ன இனிமை! இன்னொரு தரம் பாடுங்க."

குரங்கு மறுபடியும் கத்தியது. பெண்மான் நொண்டிக்கொண்டே ஓடிவந்து, வீங்கிய காலாலேயே தரையைத் தட்டியது. இலை மயக்கத்தில் இருந்த கூட்டம் தலையாட்டியது. மான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அதே தாளத்தில் தட்டத் தொடங்கின.

புல்லுக்குள் அசைவு நின்றது. பாட்டு முடியட்டும் என்று சிறுத்தை காத்திருந்தது.